கொலியூர்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ஒரு நாள்

வணக்கம். ஆகஸ்டில் பார்சிலோனாவிலிருந்து தென் பிரான்சின் கடலோரச் சிற்றூரான கொலியூருக்கு ஒரே நாளில் காரில் போய்வரலாமா, முழங்கால் வலியுள்ள அம்மாவால் அங்கே நடக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

காரைத் தவிர்த்துவிடுங்கள். கோடையில் அந்தச் சிற்றூரில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே காலைப்பொழுது கரைந்துவிடும். அதிவேக ரயிலில் பெர்ப்பிஞான் என்னும் பிரெஞ்சு நகருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் கொலியூரை அடையலாம்.

மூரே எனப்படும் பழைய மீனவர் குடியிருப்பின் சந்துகள் செங்குத்தான கற்பாதைகள் என்பதால் அம்மாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம். குன்றின் மேலுள்ள செயின்ட் எல்ம் கோட்டையும் அப்படித்தான். ஆனால், 1905 கோடையில் ஓவியர்கள் மத்தீசும் தெரைனும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் வரைந்த துறைமுகக் கரையில், அவர்களுடைய ஓவியங்களின் நகல்களை அந்தந்த இடங்களிலேயே நிறுத்தியிருப்பதால், எதிரே தெரியும் காட்சியோடு அவற்றை ஒப்பிட்டபடி அம்மா நிதானமாக நடக்கலாம். ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாக இருந்து பின்னர் தேவாலய மணிக்கோபுரமான கட்டடமும் அந்தத் துறைமுகக் கரையிலேயே நிற்கிறது. 1939-இல் அகதியாக வந்து அங்கேயே இறந்த ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கல்லறையும் ஊருக்குள்தான் உள்ளது.

அவ்வூரின் உப்பிட்ட நெத்திலி பெயர்பெற்றது. நம் நாக்குக்குச் சற்றுக் கரிக்கும், எனவே முதலில் சிறிதளவே வாங்கிப் பாருங்கள். திராமொந்தான் என்னும் வடமேற்குக் காற்று பலமாக வீசக்கூடும் என்பதால் அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.