இலங்கைப் போர் இனத்துக்காக நடந்ததா, காசுக்காக நடந்ததா?

கேட்டவர் சின்ன வயதுக்காரர் என்று நினைக்கிறேன். வீட்டில் யாராவது ஒரு மாமா "எல்லாம் காசு விளையாட்டுத் தம்பி" என்று சொல்லியிருப்பார். மாமா சொன்னது பாதிதான் சரி. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட எழுபதுகளின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தையும் காசுக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் தொடங்கிய சண்டை 2009 வரை இழுபட்டதில் பிழைப்பு நடத்தியவர்கள் இருக்கிறார்கள். என் சம்பளமும் அதில்தான் வந்தது.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 வீதி திறந்தது. அப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சவர்க்காரம், பிஸ்கட், பால்மா எல்லாம் லொறியில் யாழ்ப்பாணம் போகும். பேரேட்டில் 'கோயில் செலவு' என்று ஒரு தலைப்பு இருந்தது. முதலாளி பெரிய பக்திமான் என்றே முதல் மாதம் நினைத்தேன். லொறி சீக்கிரம் நகர வழியில் ஒருவர் கையில் வைத்த லஞ்சம் ஒரு கோயில். புலிகள் புளியங்குளத்தில் வாங்கிய வரி இன்னொரு கோயில். "முதல் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுத் தர மாட்டான், இரண்டாவதில் கட்டாயம் தருவான்" என்பார் லொறி டிரைவர். இரண்டையும் கூட்டி ஒரு கட்டி சவர்க்காரத்துக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது என் வேலை. கடைசியில் கட்டியவர் யாழ்ப்பாணத்தில் குளித்தவர்.

உடனே என்னைத் துரோகி என்று எழுத வருவார்கள். 1990க்குப் பிறகு புலிகளுக்கு வீட்டுக்கு இரண்டு பவுன் கொடுத்த குடும்பம் எங்களுடையது. 1990 ஒக்டோபரில் புலிகளின் உத்தரவால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வீடு, கடையெல்லாம் விட்டுவிட்டுப் போகவேண்டி வந்ததையும் சொல்லாமல் விட முடியாது. மற்றப் பக்கத்தார் சந்தோஷப்பட வேண்டாம். தென்னிலங்கையில் சாமானுக்கு மேல் 'தேசிய பாதுகாப்பு வரி' என்றே ஒன்று இருந்தது. அந்தக் காசில் என்ன வாங்கினார்கள், யாருக்குத் தரகு போனது என்று கேட்டால் நாட்டுக்கு எதிரி. 2006இல் உக்ரைனில் இருந்து நான்கு மிக்-27 விமானங்கள் வாங்கிய பேரத்தைக் கிளறியது சண்டே லீடர் பத்திரிகை. அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் கொலையுண்டார். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. கொலைக்கு இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

காசு பார்த்தவர்கள் என்றால் அமைச்சர்களையும் ஆயுதத் தரகர்களையும் மட்டும் சொல்கிறோம். கொழும்பில் அறை வாடகைக்கு விட்ட நம்முடைய ஆட்களை ஏன் விட்டுவிடுகிறோம்? கொட்டாஞ்சேனையில் எனக்கு அறை தந்தவரும் தமிழர்தான். ஒரு வருட வாடகை முற்பணம், பொலிஸ் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தனிக் காசு. 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்ததே, அந்த வாரம் "பிரச்சினை வரும்" என்று என்னை வெளியேற்றினார். முற்பணம் இன்னும் வரவில்லை. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, சவர்க்காரத்துக்கு வருகிறேன். 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. ஜூலையில் போன சரக்கில் பாதி முதலாளியின் தம்பி வைத்திருந்த யாழ்ப்பாணக் கடையில் அப்படியே கிடந்தது. பல நாள் முயன்று டெலிபோன் லைன் கிடைத்ததும் முதலாளி நலம் விசாரிக்கவில்லை. "பழைய விலைக்கு ஒரு கட்டி கூடக் கொடுக்காதே" என்றார். ரிசீவரை என்னிடம் தந்தார். புது விலைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்தப் பக்கம் தம்பி எழுதிக்கொண்டே, "அண்ணை, ஆட்கள் வரிசையில் நிற்குதுகள்" என்றார். பால்மா விலையை இன்னொரு தரம் சொன்னேன்.

அந்தத் தீபாவளிக்கு எனக்கு இரண்டு மாதச் சம்பளம் போனஸ். வாங்கிக்கொண்டேன். பேரேட்டில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். "கோயிலிலேயே போடு" என்றார் முதலாளி.