காலநிலை மாற்றத்துக்கு மனிதர்கள்தான் காரணமா? தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?

இதே கேள்வியை வைத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் சண்டை ஓடியது. "பூமி எத்தனையோ தடவை சூடாகி ஆறியிருக்கு, இதுவும் சூரியன் வேலைதான்" என்பது சித்தப்பாவின் கட்சி.

சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாக வேண்டும். ஆனால் நாம் இருக்கும் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டு வருகிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று மனாபே, வெதரால்டு என்ற இரு காலநிலை விஞ்ஞானிகள் 1967-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். சரி, அந்த வாயு எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி வருடப் பழசு, காலப்போக்கில் சிதைந்து போகும் கார்பன் வகையான கார்பன்-14 அவற்றில் மிச்சமிருக்காது. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலுள்ள கார்பன்-14 நீர்த்துப்போகிறது. வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ் இதை 1950களிலேயே மரங்களில் அளந்து சொன்னார்.

இதற்குச் சித்தப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்போ தெரிஞ்சும் ஏன் யாரும் ஒண்ணும் செய்யல?" என்றார். நியாயமான கேள்வி.

1982-ல் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்துக்குள் ஓர் அறிக்கை சுற்றுக்குப் போனது. 2020 வாக்கில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 415 பங்கு ஆகும், வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும் என்று அதிலிருந்த வரைபடம் காட்டியது. கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. அறிக்கையை வெளியே கொடுக்கக் கூடாது என்ற குறிப்பும் கூடவே இருந்தது. பின்னால் வந்த வருடங்களில் அந்தத் துறை செய்த விளம்பரமெல்லாம், 'அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை' என்பதுதான். 1997-ல், இந்த வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தம் போட்ட கியோட்டோ மாநாட்டுக்குச் சில மாதம் முன்பு, வளரும் நாடுகளும் கட்டுப்படாத எந்த ஒப்பந்தமும் வேண்டாம் என்று அமெரிக்க செனட் 95-0 என வாக்களித்தது. அமெரிக்கர் ஒருவர் கணக்கில் இன்றும் வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியர் கணக்கில் 2 டன். 'மனிதர்கள்' என்று பொதுவாகச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஓசோன் ஓட்டை விஷயத்தில் இப்படி இல்லை. 1985-ல் கண்டறிந்து அறிவித்தார்கள், 1987-ல் அதற்குக் காரணமான வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்துவிட்டது. குளிர்பதன வாயுவை மாற்றினால் போதும், தயாரித்த கம்பெனிகளும் கொஞ்சம்தான். நிலக்கரியும் எண்ணெயும் அப்படியா?

எக்ஸான் வரைபடத்தைக் குழுவில் போட்டேன். சித்தப்பா பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதை இப்ப யாரோ வரைஞ்சு பழைய தேதி போட்டிருக்காங்க" என்று எழுதினார்.