அகதி முகாம்களுக்கு டாக்டர்களையும் மருந்தையும் ஏன் கூடுதலாக அனுப்புவதில்லை?

சமூக மருத்துவம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டாக்டர்கள் வேண்டும்தான். ஆனால் முதல் சில வாரங்களில் முகாமில் உயிரை அதிகம் பறிப்பவை வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா போன்ற பழைய எதிரிகள். இவற்றைத் தடுக்க டாக்டரைவிடத் தண்ணீர் லாரி முந்திப் போக வேண்டும்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்க எல்லையில் பங்கான் ஊர் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்குக் கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது. நரம்பில் ஏற்றத் தெரிந்த ஆளும் குறைவு. அங்கிருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலானபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார்: நரம்பில் ஏற்றுவதற்குப் பதில் ஒரு கரைசலை வாய்வழியாகவே குடிக்கக் கொடுப்பது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் பொட்டலம் போட்டு எடுத்து வந்து, குழாய் வைத்த டிரம்மில் கரைத்தார்கள். கூட வந்த சொந்தக்காரர்களே பிடித்துக் குடிக்க வைத்தார்கள். அதற்கு முன் 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். கரைசல் குடித்தவர்களில் அது 4-க்கும் கீழே இறங்கியது. காலரா வந்த குடலும் குளுக்கோஸை உறிஞ்சும். அதோடு உப்பும், உப்போடு தண்ணீரும் உள்ளே போகும், அவ்வளவுதான். டாக்காவில் 1968-லேயே இதை நிரூபித்திருந்தார்கள். ஆனால் பயிற்சி இல்லாதவர் கையில் கொடுக்கலாம் என்று நம்பத்தான் பலர் தயாராக இல்லை.

சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து எல்லை தாண்டி, இன்றைய காங்கோவிலுள்ள கோமா நகருக்கு ஓடியவர்களில் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவிலும் சீதபேதியிலும். கரைசலைப் பற்றித் தெரியாத காலமா அது? குடிக்க கிவு ஏரித் தண்ணீர்தான் இருந்தது. எரிமலைப் பாறை என்பதால் கழிப்பறைக்குக் குழி வெட்ட முடியவில்லை. உதவிக்கு வந்திறங்கிய சில குழுக்களுக்குக் காலராவைக் கையாண்ட பழக்கமே இல்லை.

அதனால்தான் இன்று ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை, நோய் தலைகாட்டும்வரை காத்திராமல் போடுகிறார்கள்.

அப்புறம் மருந்து. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள். தேதி தாண்டியதும் அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் லேபிள் ஒட்டியதும் அதில் கலந்திருக்கும். பிரித்தெடுக்கவும் அழிக்கவும் அங்கே தனியாக ஆள் போட வேண்டும். கொடுக்க நினைத்தால் ஏற்கெனவே களத்தில் இருக்கும் அமைப்புக்குப் பணமாகக் கொடுங்கள்.