நான் ஊர் வந்து சேர்ந்தது ஏப்ரல்ல, ஃப்ளைட் ஏறுனது ஜூன்ல

கேள்வி: நானும் என் மனைவியும் அஞ்சு மாசமா வெளிநாட்டுல பேக்பேக்கிங் பண்ணிட்டு இருக்கோம். இன்னும் மூணு வாரம்தான் பாக்கி. அவங்களுக்கு எப்படா ஊர் போவோம்னு இருக்கு, எனக்கு போகவே மனசில்ல. இதே மாதிரி ஜோடியா போனவங்க கடைசி நாட்கள எப்படி ஓட்டுனீங்க?

பதில்:

இந்தக் கேள்விய உங்க வீட்டம்மா கேட்டிருந்தா ரெண்டு வரில முடிச்சிருப்பேன். நீங்க கேட்டதால கொஞ்சம் நீளமா எழுதுறேன், ஏன்னா எங்க கதைல உங்க மனைவி இடத்துல இருந்தது நான்.

நாங்க திருச்சி. 2025 ஜனவரில பொங்கல் முடிஞ்ச கையோட கிளம்புனோம், ஜூன் முத வாரம் திரும்பி வந்தோம், மொத்தம் 134 நாள். கோலாலம்பூர் வழியா ஹனோய், அங்கருந்து வியட்நாம் முழுக்க தெக்கால இறங்கி சைகான், பஸ்ல கம்போடியா, அப்புறம் லாவோஸ், தாய்லாந்து, கடைசில ரயில்லயே மலேசியா. டிக்கெட், விசா நீங்கலா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நாளைக்கு சராசரி 3,800 ரூபா ஆச்சு. சராசரி எப்படி தெரியும்னா நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவ, கணக்கு நோட்டு இல்லாம எனக்கு தூக்கம் வராது. ஹனோய்ல முத வாரமே ஒரு காபிக்கு இருபதாயிரம் டாங் குடுக்குறேன்னு அஞ்சு லட்சம் டாங் நோட்ட நீட்டிட்டேன், ரெண்டு நோட்டும் நீலம், அந்த அம்மா தெருமுனை வரைக்கும் ஓடி வந்து திருப்பி குடுத்தாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் அந்த கணக்கு நோட்டு. அத ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

மொத ரெண்டு மாசம் எங்களுக்குள்ள ஒரு பிரச்சனையும் இல்ல. ஹனோய்ல டெட் பண்டிகை வந்துச்சு, அவங்க புது வருஷம், இங்க பொங்கலுக்கு கரும்பு கட்டி கொண்டு போற மாதிரி அங்க டூ வீலர்ல முழு ஆரஞ்சு மரத்தையே பின்னாடி கட்டி கொண்டு போறாங்க, ஆனா பண்டிகை அன்னைக்கு பாதி ஊர் கடை மூடிட்டதால நாங்க பிஸ்கட் தின்னுட்டு கெடந்தோம். நான் சைவம், சாப்பாட்டுக்கு திண்டாடுவேன்னு எங்கம்மா புலம்புனாங்க, ஆனா அங்க 'சாய்'னு போர்டு போட்ட சைவக் கடைங்க இருக்கு, சந்திரக் கணக்குல ஒண்ணாம் தேதியும் பதினஞ்சாம் தேதியும் நெறைய பேர் அங்க வந்து சாப்புடுறாங்க. நம்ம ஊர்ல அமாவாசைக்கு கவிச்சி தொடாத கதைதான். இதெல்லாம் போன்ல சொல்லும்போது அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

மொத விரிசல் கம்போடியாவுல, அங்கோர் கோயில்கள்ல. ஏழு நாள் பாஸ் ஆளுக்கு 72 டாலர், ஒரு மாசத்துக்குள்ள எந்த ஏழு நாள் வேணா போலாம்னு வாங்கிட்டோம். இவரு, அதாவது எங்க வீட்டுக்காரரு, அங்கோர் வாட்ல பாற்கடல் கடையுற அந்த நீளமான சுவர் சிற்பம் முன்னாடி ஒரு மணி நேரம் நின்னு அசுரர் தலைய எண்ணிட்டு இருந்தாரு, நானும் மொத நாள் வாய் பொளந்து பாத்தேன். நாலாவது நாள் பயோன் கோயில்ல அத்தன பெரிய கல் மூஞ்சிங்களுக்கு கீழ உக்காந்து செருப்பு வார தச்சிட்டு இருந்தேன், தலைய தூக்கி பாக்கவே இல்ல. ஸ்ரீரங்கத்துக்கு பஸ் புடிச்சு போற தூரத்துல வளந்தவ, கோயில் பாத்து சலிச்சேன்னு சொன்னா பாவம்தான், ஆனா சலிச்சுது. ஒரு பாஸ்ல மூணு நாள் அப்டியே வீணாப் போச்சு.

இங்க ஒண்ணு சொல்லிடுறேன். இந்த சலிப்ப சோம்பேறித்தனம்னு எடுத்துக்காதீங்க. தெனமும் படுக்கை மாறுது, தெனமும் விலை பேசணும், பாத்ரூம்ல வெந்நீர் வருமா பாக்கணும், அடுத்த ஊர் பஸ் எங்க நிக்கும்னு கேக்கணும், மூணு நாலு மாசம் இத பண்ணுனா பாக்குற எடம் அழகா இருக்கா இல்லயான்னு முடிவு பண்ற தெம்பு மண்டைல மிச்சமிருக்காது.

சரி, ஏப்ரல் கதைக்கு வரேன். லாவோஸ்ல லுவாங் பிரபாங்ல இருந்தோம். நம்ம சித்திரை ஒண்ணாம் தேதிதான் அவங்களுக்கும் வருஷப் பொறப்பு, லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா எல்லாத்துலயும் ஏப்ரல் நடுவுலதான் கொண்டாடுறாங்க. தெருவெல்லாம் பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்துறாங்க, யாரு எவருன்னு பாக்குறதில்ல. நான் சொட்டச் சொட்ட நனஞ்சு ஒரு கடை ஓரமா ஒதுங்கி வீட்டுக்கு போன் போட்டேன். அம்மா, "மாங்கா பச்சடிக்கு வேப்பம்பூ வறுத்துட்டு இருக்கேன்டி, அப்புறம் பேசு"ன்னு வச்சுட்டாங்க. அவ்ளோதான். பின்னாடி ஒரு சின்னப் பையன் என் முதுகுல தண்ணி ஊத்துறான், நான் வேப்பம்பூ வாசனைல நிக்குறேன். அந்த நிமிஷமே நான் ஊருக்கு போயிட்டேன்னு இப்ப தோணுது. உடம்பு மட்டும் இன்னும் ஏழு வாரம் அங்க சுத்திச்சு.

ஆனா அத நான் இவருகிட்ட சொல்லல, அதுதான் தப்பு.

மூணு நாள் கழிச்சு மேகாங் ஆத்துல ஸ்லோ போட். லுவாங் பிரபாங்லருந்து ஆத்து ஓட்டத்த எதுத்து தாய்லாந்து பார்டர்ல இருக்குற ஹுவாய் சாய் போக ரெண்டு நாள், நடுவுல பாக்பெங்னு ஒரு ஊர்ல ராத்திரி தங்கணும். நீளமான மரப் படகு, உள்ள சீட்டெல்லாம் பழைய வேன்லருந்து கழட்டி வச்சது. மலைல காடு எரிக்குற சீசன், ரெண்டு கரையும் புகையா மங்கலா கெடந்துச்சு. ஒம்பது மணி நேரம் உக்காந்தே இருக்கணும்னா மனசு சும்மா இருக்குமா, நான் கணக்கு நோட்ட திருப்பி கடைசி பக்கத்துல 'வீட்டுக்குப் போனதும்'னு தலைப்பு போட்டு எழுத ஆரம்பிச்சேன். குக்கர் கேஸ்கட் மாத்தணும். தலைகாணி புதுசா ரெண்டு. ஆடிட்டர் சாருக்கு போன். லால்குடில மாமியார் வீட்டு மாடி ரூம்ல போட்டு வச்ச சாமானெல்லாம் எலி கடிச்சிருக்கான்னு பாக்கணும். வாடகைக்கு வீடு, தில்லை நகர் வேணாம், வாடகை ஜாஸ்தி. இப்டி பதினாறு ஐட்டம்.

இவரு பிஸ்கட் எடுக்க என் பைய தொறந்தப்போ நோட்டு கீழ விழுந்துச்சு. எடுத்து படிச்சாரு. நெனச்சது என்னன்னா சிரிப்பாருன்னு. "இன்னும் ஒன்றர மாசம் இருக்கு, நீ அதுக்குள்ள குக்கருக்கு கேஸ்கட் வாங்கிட்டியா"ன்னாரு. நானும் ஏதோ பேசுனேன், அவரும் பேசுனாரு, அக்கம்பக்கத்துல இருந்த வெள்ளக்காரங்களுக்கு தமிழ் தெரியாதுங்குற தைரியத்துல நல்லாவே கத்திக்கிட்டோம். கடைசியா, "பதினாறு எழுதியிருக்க, அதுல ஒண்ணுலயாவது நான் இருக்கேனா பாரு"ன்னு சொல்லிட்டு முன்னாடி போய் தனியா உக்காந்துட்டாரு. பாக்பெங்ல இறங்குற வரைக்கும் திரும்பி வரல. நான் அந்த லிஸ்ட்ட நாலு தடவ படிச்சேன். இல்லதான்.

மறுநாள் ஹுவாய் சாய் போய், பாலம் தாண்டி தாய்லாந்து. லாவோஸ்ல வண்டி வலது பக்கம் ஓடுது, பாலத்த தாண்டுனா இடது பக்கம் மாறிடுது, நம்ம ஊர் மாதிரி. நான் அத பாத்து "பாதி ஊர் வந்துருச்சு"ன்னு வாய் தவறி சொல்லிட்டேன். இன்னொரு நாள் பேச்சுவார்த்தை கட்.

தாய்லாந்து ஒரு மாசம் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. சியாங் மாய்ல மூணு வாரத்துக்கு ஒரு ரூம் எடுத்தோம், 400 பாத்துக்கு ஒரு குட்டி ரைஸ் குக்கர் வாங்குனேன், மார்க்கெட்ல புளி கெடச்சுது, மொளகு கெடச்சுது, ரசம் வச்சேன். வெளில 40 டிகிரி வெயில், நாங்க உள்ள ரசம் சாதம் சாப்புட்டு தூங்குனோம். இத்தன தூரம் வந்து ரூமுக்குள்ள தூங்குறதான்னு உங்களுக்கு தோணலாம், எனக்கு அந்த மூணு வாரம் இல்லாட்டி நான் தனியா டிக்கெட் போட்டு வந்திருப்பேன். கிளம்பும்போது குக்கர பக்கத்து ரூம் பொண்ணுக்கு குடுத்துட்டேன்.

இவரு மட்டும் தெனமும் மேப்ப வச்சுகிட்டு, சுமத்ரா போலாமா, டோபா ஏரி போலாமா, இந்தோனேசியாவுல ஏர்போர்ட்லயே விசா தராங்க, இன்னும் ஒரே மாசம்னு. நான் நோட்டுல மிச்சம் இருக்குற காச காட்டுவேன். அவரு மூஞ்சி விழுந்துரும். இப்டியே போச்சு.

பாங்காக்லருந்து மலேசியா பார்டர் பாடாங் பெசார் வரைக்கும் ராத்திரி ஸ்லீப்பர் ரயில். ஜன்னலோரமா நீளவாக்குல ரெண்டு பெர்த், கீழ ஒண்ணு மேல ஒண்ணு, திரை போட்டிருப்பாங்க, சாயங்காலம் ஆனா ஒரு ஆள் வந்து வெள்ள பெட்ஷீட் விரிச்சு குடுத்துட்டு போறாரு. நான் கீழ. நடுராத்திரி இவரு மேலருந்து இறங்கி வந்து என் கால்மாட்டுல உக்காந்தாரு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாரு, "உனக்கு ஆடிட்டர் ஆபீஸ்ல நாற்காலி இருக்கு. ஜூன்ல வாம்மான்னு சொல்லித்தான் அனுப்புனாரு. நான் பேப்பர் போட்டுட்டு வந்தவன். ஊர்ல கால் வச்ச உடனே அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேப்பாங்க. எங்கிட்ட பதில் இல்ல."

நாலு மாசமா ஒரே ரூம்ல தூங்குன மனுஷன், இது எனக்கு தெரியல பாருங்க. டோபா ஏரி மேல ஆசைன்னே நெனச்சுட்டு இருந்தேன்.

நான் பெருசா ஆறுதல் ஒண்ணும் சொல்லல, சொல்லவும் வரல. "ஏங்க, படுங்க, காலைல பாத்துக்கலாம்"னேன். அதே பெர்த்துல குறுக்கி ரெண்டு பேரும் படுத்தோம், கீழ் பெர்த் கொஞ்சம் அகலம்தான், ஆனா ரெண்டு பேருக்கு இல்ல.

பாடாங் பெசார்ல ரெண்டு நாட்டு இமிக்ரேஷனும் ஒரே ஸ்டேஷனுக்குள்ள. கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கணும். அங்கருந்து லோக்கல் ட்ரெயின்ல பட்டர்வொர்த், அப்புறம் ஃபெர்ரில பினாங்கு. சூலியா தெருவுல ரூம். பழைய காலத்துல சோழமண்டல கரைலருந்து போன தமிழ் முஸ்லிம் வியாபாரிங்களத்தான் அங்க சூலியான்னு சொல்லியிருக்காங்க, தெரு பேரே அவங்க பேரு.

மறுநாள் காலைல லிட்டில் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ள நுழையும்போதே கல்லால இருந்த அக்கா, "வாங்க, பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. மலேசியா தமிழங்க காலைல சாப்புடுறத பசியாறுறதும்பாங்க. எங்க தாத்தா காலத்து வார்த்தை. நான் ஏற்கனவே ஊருக்கு போனவ, எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு, அவ்ளோதான். இவருதான் தோசைய பிச்சு கைல வச்சுகிட்டு வாய்க்கு கொண்டு போகாம இருந்தாரு. ரெண்டு தோசை, ஒரு தே தாரிக், அதான் அவங்க ஆத்துற பால் டீ, முடிஞ்சதும், "அந்த நோட்ட குடு"ன்னாரு. பதினாறுக்கு கீழ பதினேழுன்னு போட்டு, 'மாடி ரூம் ஃபேன், கண்டென்சர் மாத்தணும், நான்'னு எழுதுனாரு. 'நான்'ங்குறதுக்கு கீழ ரெண்டு கோடு.

அதுக்கப்புறம் பத்து நாள் நல்லா இருந்துச்சுங்க, பொய் சொல்லல. 1833ல கட்டுன மகாமாரியம்மன் கோயிலுக்கு ரெண்டு தடவ போனோம், எனக்கு சலிக்கல. பினாங்கு ஹில் ரயில்ல ஏறுனோம். மத்த நேரம் நடந்தோம், பேசுனோம், பேசுனதெல்லாம் வாடகை, வேலை, யாரு வீட்ல மொதல்ல தங்குறது, இதுதான்.

உங்க கேள்விக்கு வரேன். மூணு வாரத்துல புதுசா எந்த நாட்டையும் சேக்காதீங்க, ஒரே ஊர்ல பத்து நாளாவது உக்காருங்க. ரிட்டர்ன் டிக்கெட்ட இன்னைக்கே போடுங்க, தேதி தெரியாம இருக்குறப்போ ஆளுக்கு ஒரு தேதிய மனசுல வச்சுகிட்டு சண்ட போடுவீங்க. பட்ஜெட் ஃப்ளைட்னா கைல 7 கிலோதான், கடைசி நாள் ஏர்போர்ட்ல ஜாக்கெட் மேல ஜாக்கெட் போட்டுகிட்டு நான் நின்ன கோலம் உங்களுக்கு வேணாம். லாவோஸ் பணம் கிப் மிச்சம் இருந்தா அந்த நாட்டுலயே செலவழிச்சுருங்க, வெளில வந்தா மாத்தித்தர ஆள் கெடைக்குறது கஷ்டம், எங்க வீட்ல ஒரு கட்டு அப்டியே கெடக்கு. அப்புறம் உங்க மனைவிக்கு ஊர்ல என்ன காத்துகிட்டு இருக்கு, உங்களுக்கு என்ன காத்துகிட்டு இருக்குன்னு தனித்தனியா எழுதிப் பாருங்க. எனக்கென்னவோ உங்க பக்கம் காலியா இருக்கும்னு தோணுது. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

கமெண்ட்ல யாராச்சும் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன், இவருக்கு செப்டம்பர்ல வேலை கெடச்சுருச்சு. ஃபேன் இன்னும் ஓடல.