அம்மாவின் பட்டனை யார் அழுத்துவது?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 74 வயது. ஒரு சேனலில் பகல் பதினொரு மணிக்குப் பழைய நாடக நடிகர்களின் பேட்டி வரும். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு அம்மாவுக்கு அதுதான் துணை. ரிமோட் அவருக்குப் பிடிபடாது என்பதால் காலையிலேயே அந்தச் சேனலை வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். போன மாதம் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் டி.ஆர்.பி. இல்லையாம். எங்கள் வீட்டுக்கோ எனக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக்கோ யாரும் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதே இல்லை. சில ஆயிரம் வீடுகளில், என்ன பார்க்கிறார்கள் என்று பதிவுசெய்யும் மீட்டரை வைத்து நாடு முழுவதற்கும் கணக்குச் சொல்வது மோசடி இல்லையா? எல்லா செட்டாப் பாக்ஸிலும் மீட்டர் வைத்தால் என்ன? இதை எங்கே முறையிடுவது?

ரேவதி

அன்புள்ள ரேவதி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்கு யாரும் வரவில்லை, அதனால் மோசடி. படித்தவர் பேசும் பேச்சா இது? ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஒரு சின்னக் குழாய் போதாது, உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்பீர்களா? ‘பார்க்’ என்று சொல்கிறார்களே, இங்கே கணக்கெடுக்கும் அமைப்பு, அது 2020ல் சொன்னபடி இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் 21 கோடி. மீட்டர் வைத்திருந்த வீடுகள் சுமார் 44,000. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 4,800 வீடுகளுக்கு ஒன்று. உங்களைத் தேடி வராததில் என்ன ஆச்சரியம்? அது உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாலும் அவர்கள் உங்களிடம் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்பது விதி. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 அக்டோபரில் மும்பையில் கிளம்பிய குற்றச்சாட்டே போதும். ஆங்கிலம் தெரியாத வீடுகளில் பணம் கொடுத்து ஆங்கிலச் செய்தி சேனலை ஓட வைத்தார்கள் என்றது போலீஸ். செய்தி சேனல்களின் ரேட்டிங்கையே நிறுத்தினார்கள். மறுபடி வந்தது 2022 மார்ச்சில்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கோடிப் பேர் பார்க்கும் ராத்திரி சீரியலுக்கு இத்தனை மீட்டர் வீடுகள் போதும். சின்ன சேனலின் பகல் நிகழ்ச்சிக்கு, ஓர் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள்தான் தேறும். அதில் இரண்டு வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய்விட்டால் அந்த வாரம் நிகழ்ச்சி படுத்துவிடும். 2015க்கு முன்னால் நிலைமை இதைவிட மோசம். வாராவாரம் எல்லோரும் தூக்கிப் பிடித்த ரேட்டிங்கில் கிராமமே கிடையாது. மீட்டர் நகரங்களில்தான் இருந்தது. நாட்டில் பாதிக்குமேல் கிராமத்தில் வாழ்கிற ஜனம், அது என்ன பார்க்கிறது என்று தெரியாமலே ‘மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்’ என்று அத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா பாக்ஸிலும் மீட்டர் வைக்கச் சொல்கிறீர்கள். வைக்கட்டும். டிவி ஓடியது, இந்தச் சேனல் ஓடியது என்று பாக்ஸ் சொல்லும். எதிரே உட்கார்ந்திருந்தது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? விளம்பரக்காரர் காசு கொடுப்பது அந்த ‘யார்’ என்பதற்காகத்தான்.

இது பழைய தலைவலி. அமெரிக்காவில் இந்தக் கணக்கெடுப்பையே தொழிலாகச் செய்த நீல்சன் என்பவர் 1936ல் இரண்டு பேராசிரியர்களிடமிருந்து ஒரு கருவியை வாங்கினார். ரேடியோவோடு பொருத்திவிட்டால் எப்போது போட்டார்கள், எந்த நிலையத்துக்குத் திருப்பினார்கள் என்று பதிவுசெய்யும். டிவிக்கும் முதலில் அதே வழிதான். கேட்பது தாத்தாவா பேத்தியா என்று அதற்குத் தெரியாது. அதற்காக வீடுகளுக்கு டயரி கொடுத்து எழுதச் சொன்னார்கள். அப்புறம் 1987ல் அங்கே ஆளுக்கொரு பட்டன் வைத்த மீட்டர் வந்தது. இங்கேயும் அந்த வழிதான். டிவியின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைச் சேனல்கள் கலந்து அனுப்புகின்றன. எந்தச் சேனல் என்பதை மீட்டர் அதை வைத்துக் கண்டுபிடித்துவிடும். ஆளைக் கண்டுபிடிக்க மட்டும் பட்டன்தான். வீட்டில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன். வந்து உட்கார்ந்தால் அழுத்த வேண்டும், எழுந்துபோனால் மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு யார் அழுத்துவார்கள் என்று கேட்காதீர்கள். நான் கேட்க வந்தது வேறு.

உங்கள் அம்மாவுக்கு யார் அழுத்துவது?

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ரிமோட் அவருக்குப் பிடிபடாது என்று. நீங்கள் கோபப்படுகிற அந்த மீட்டரை நாளைக்கே உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு ஒன்றாம் நம்பர், உங்களுக்கு இரண்டு, பையனுக்கு மூன்று, அம்மாவுக்கு நான்கு. காலையில் சேனலை வைத்துவிட்டு, உங்கள் பட்டனை அணைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். பதினொரு மணிக்கு அம்மா வந்து நாற்காலியில் உட்காருகிறார். மீட்டரில் விளக்கு மினுக்குகிறது, யார் இருக்கிறீர்கள் என்று கேட்கிறது. அவர் அதை எதற்குப் பார்க்கப்போகிறார்? பேட்டியைப் பார்ப்பார். கணக்கில் டிவி ஓடியிருக்கும், ஆள் இருக்கமாட்டார். மீட்டர் இல்லாததால் அம்மா விடுபட்டார் என்று நினைக்கிறீர்கள். மீட்டர் இருந்தாலும் விடுபட்டிருப்பார். நாலாம் நம்பரை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டோம். சமையலறையில் நின்றபடி வசனத்தை மட்டும் கேட்கிற பெண்களும் இப்படித்தான். அறைக்குள் இல்லை, அதனால் பார்வையாளர் இல்லை.

பட்டனை அழுத்திவிட்டாலும், அவர் எந்தத் தட்டில் விழுவார் தெரியுமா? இங்கே 2011லிருந்து குடும்பத்தை வகை பிரிப்பது இரண்டை வைத்து: சம்பாதிப்பவரின் படிப்பு, வீட்டில் இருக்கும் பொருட்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் என்று 11 வரிகள் கொண்ட ஒரு பட்டியல். அம்மாவின் தகுதியை உங்கள் வீட்டு வாஷிங் மெஷின்தான் நிர்ணயிக்கிறது. தட்டு பிடிக்காவிட்டால் எண்ணிக்கையும் காப்பாற்றாது. அமெரிக்காவில் 1971ல் சிபிஎஸ் என்ற டிவி நிறுவனம் நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளையே வரிசையாக நிறுத்தியது. பார்த்தவர்கள் கிராமத்துக்காரர்கள், வயதானவர்கள் என்பதுதான் குறை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

சரி, அத்தை கதை.

அப்போது எங்கள் தெருவில் எதிர்வீட்டில் மட்டும்தான் டிவி. அத்தை அந்த வீட்டு வாசற்படி ஓரத்தில், மற்றவர்களுக்கு மறைக்காமல், தரையில் உட்கார்ந்து பார்ப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. சென்னைத் தொலைக்காட்சியில் நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லவே ஒரு நிகழ்ச்சி இருந்தது. பார்க்கிறவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள அஞ்சலட்டையைப் புரட்டிய காலம். ஒருநாள் அத்தை ஓர் அட்டையை வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். “வில்லுப்பாட்டு போடுறாங்கல்ல, அதை இன்னும் கொஞ்ச நேரம் போடச் சொல்லி எழுதுடா.”

எனக்குப் பத்து வயது. வில்லுப்பாட்டு எனக்குப் பிடிக்காது. சினிமாப் பாட்டு இன்னும் அரை மணி நேரம் போட வேண்டும் என்று எழுதினேன். கீழே அத்தையின் பெயரைப் போட்டேன். அத்தை அட்டையை வாங்கி, எழுத்தின் மேல் விரலை ஓட்டி, “இவ்வளவும் வில்லுப்பாட்டுக்கா?” என்றார். ஆமாம் என்றேன்.

அதன்பிறகு கடிதம் வாசிக்கும் நாளெல்லாம் அத்தை படியை விட்டு உள்ளே வந்து உட்காருவார். ஒவ்வொரு பெயருக்கும் கழுத்தை நீட்டுவார். முடிந்ததும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, “நம்ம கடுதாசி இன்னும் போய்ச் சேரலை போல” என்பார். எத்தனை வாரம் என்று எண்ணவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போய்ச் சேரும்வரை திறக்கவில்லை.

அதனால்தான் மீட்டர்காரர்களை எனக்குப் பெரிதாகத் திட்டத் தோன்றுவதில்லை. அந்த அட்டையை அனுப்பிய கை என்னுடையது.

எங்கே முறையிடுவது என்று கேட்டிருந்தீர்கள். சேனலுக்கே எழுதுங்கள், இமெயில் வேண்டாம், தபாலில். உங்கள் நியாயங்களை எழுதாதீர்கள். அம்மா சொல்லச் சொல்ல அவர் சொன்னதை மட்டும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.