சாரா சலித்துக்கொள்ளட்டும்

கேள்வி: பள்ளி நாட்களில் நூலகத்தில் எடுத்துப் படித்து அழுத நாவல் 'தி சம்மர் ஆஃப் தி ஸ்வான்ஸ்'. இப்போது எனக்கு 13 வயதில் ஒரு மகளும், ஆட்டிசம் உள்ள 9 வயது மகனும் இருக்கிறார்கள். மகளுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கி, முதலில் நானே ஒருமுறை படித்தேன். ஒரே கோபம். வாய் பேசாத தம்பியிடம் ஓர் அக்கா இப்படியா சலித்துக்கொள்வாள்? அவள் திருந்துவதற்காகவே அந்தப் பிள்ளையைக் காட்டில் தொலைத்திருக்கிறார் ஆசிரியர் என்று தோன்றியது. புத்தகத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். செய்தது சரிதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: சரியில்லை அம்மா. எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. பெட்ஸி பயர்ஸ் எழுதி 1970-ல் வெளிவந்த நாவல். மறு ஆண்டே அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் பெரிய விருதான நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. சாராவுக்கு 14 வயது. தன் பெரிய பாதங்கள், தன் முகம் என்று எதுவும் பிடிக்காத வயது. தம்பி சார்லிக்கு 10. சின்ன வயதில் வந்த கடும் காய்ச்சலில் மூளை பாதிக்கப்பட்டு, பேச்சு போய்விட்டது. அம்மா இறந்துவிட்டார், அப்பா வேலைக்காக வேறு மாநிலத்தில் இருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்வது வில்லி அத்தை. ஏரிக்கு வந்திருக்கும் அன்னங்களைச் சாரா ஒரு நாள் தம்பிக்குக் காட்டுகிறாள். அன்றிரவே அவன் அவற்றைத் தேடி வெளியே போய்க் காணாமல் போகிறான்.

சாரா சலித்துக்கொள்கிறாள், உண்மைதான். அதே சாராதான், சார்லியைக் கேவலமாகப் பேசிய பெண்ணின் புது உடை நனையும்படி தோட்டத்துக் குழாயைத் திருப்புகிறாள். தம்பியின் கைக்கடிகாரத்தை எடுத்தவன் ஜோ என்ற பையன்தான் என்று நினைத்து அவனோடு தீராப் பகை வளர்க்கிறாள். உண்மையில் அதை மீட்டுக் கொடுத்தவனே ஜோதான் என்று பிற்பாடு தெரிகிறது. பாசமும் எரிச்சலும் ஒரே பிள்ளைக்குள் ஒரே நாளில் இருக்கும் என்பதைப் பயர்ஸ் மறைக்கவில்லை. எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்தது இதுதான். நீங்கள் எதிர்பார்ப்பது அலுத்துக்கொள்ளாத அக்காவை. அப்படி ஒருத்தி கதையில் வந்தால், உங்கள் மகள் அவளைப் பார்த்து, 'நான் கெட்டவள்போல' என்றுதான் நினைப்பாள்.

உங்கள் மகளும் தம்பியிடம் சலித்துக்கொள்கிறாள், இல்லையா? வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு இடம் இருக்கிறதா? இப்படிப்பட்ட அண்ணன்மார், அக்காமார் ஒன்றுகூடி விளையாடவும் மனத்தில் இருப்பதைப் பேசவும் சியாட்டில் நகரில் 1980-களில் டான் மேயர் என்பவர் 'சிப்ஷாப்' என்ற பட்டறைகளைத் தொடங்கினார். பல நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. பெற்றோரிடம் சொல்ல முடியாததை, தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்பதுதான் அதன் அடிப்படை. அப்படி ஒன்று பக்கத்தில் இல்லாத ஊரில் சாரா அந்த வேலையைக் கொஞ்சம் செய்வாள்.

உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. முடிவில் சாராவுக்கு ஒரு விருந்துக்கு அழைப்பு வருகிறது, புது நட்பு கிடைக்கிறது. சார்லி மீண்டு வருகிறான், அவ்வளவுதான். அவன் வளர்ந்து என்ன ஆவான் என்று கதைக்குள் யாரும் கேட்பதில்லை. இவனைப் போன்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அரசுப் பள்ளிக் கல்வி தந்தே ஆக வேண்டும் என்ற தேசியச் சட்டம் அமெரிக்காவில் 1975-ல்தான் வந்தது. நாவல் அதற்கு ஐந்து வருடம் முந்தையது. அந்தக் காலத்தின் குறை கதையிலும் இருக்கிறது.

ஆனால் அக்காவைத் திருத்துவதற்காக மட்டும் சார்லி வருகிறான் என்றால், அவன் மனத்துக்குள்ளிருந்தே எழுதப்பட்ட அத்தியாயங்கள் எதற்கு? அன்றிரவு அவனைத் தூங்கவிடாமல் செய்வது சட்டையில் இல்லாமல் போன ஒரு பொத்தான். காட்டில் அவனை உடைத்துப்போடுவது கடிகாரம் நின்றுபோனது. ஒரு பொத்தானுக்காக ஒரு பிள்ளை இரவு முழுக்கத் தவிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பக்கங்களை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். கடைசியில் அன்னங்கள் தலைக்கு மேலே பறந்து போகும்போது, அவை ஏரியில் பார்த்தவைதான் என்று சார்லிக்குப் புரிவதில்லை. கண்ணீர் வரவழைக்கச் சுலபமான இடம் அது. அதற்காக அவனைத் திடீரென்று புரிந்துகொள்ளச் செய்யவில்லை பயர்ஸ்.

வளர்ந்த பிறகு படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது அப்பாவின் மேல்தான். பிள்ளையைக் காணவில்லை என்று போன் போகிறது. சாயங்காலத்துக்குள் கிடைக்காவிட்டால் வருகிறேன் என்கிறார்! சின்ன வயதில் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவோம். மனைவி இறந்ததிலும் மகனின் நோயிலும் நொறுங்கிப்போன மனிதர், அது புரிகிறது. ஆனாலும் பெரியவர் ஒதுங்கிக்கொண்ட பாரம் 14 வயதுப் பெண்ணின் தலையில் இறங்குகிறது. வில்லி அத்தை இந்தப் பிள்ளைகளை வளர்க்கிறாரே, அவரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா?

நம் வீடுகளிலும் 'எங்களுக்கு அப்புறம் தம்பியை நீதான் பார்த்துக்கணும்' என்பதைப் பத்து வயதுப் பெண்ணிடமே சொல்லிவிடுகிறோம். நீங்கள் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால், இந்தப் புத்தகத்தோடு அதைப் பற்றியும் அவளிடம் பேசுங்கள். இப்படிப்பட்டவர்களின் நலனுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1999-ல் வந்தது, ஆட்டிசமும் அதில் அடங்கும். மகனுக்கு 18 வயதானதும், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான காப்பாளர் கேட்டு விண்ணப்பிக்கலாம். இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் மகளின் பெயரை எழுதுவதாக இருந்தால், முதலில் அவளிடம் கேளுங்கள். முடியாது என்று அவள் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.