காயமா, குணமா? என்.எஃப்.எல். டிராஃப்ட் கேள்வி பதில்

அமெரிக்கன் ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீகில் ஒவ்வொரு ஏப்ரலிலும் 32 அணிகள் 7 சுற்றுகளாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. இதுதான் டிராஃப்ட். அடிபட்டவரை எடுக்கலாமா, கெட்ட பெயர் வாங்கியவரை எடுக்கலாமா என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, முழங்காலில் ஏ.சி.எல். (மூட்டின் முக்கியத் தசைநார்) கிழிந்த பையனை முதல் இரண்டு சுற்றுக்குள் எடுக்கலாமா?

பதில்: ஏ.சி.எல். மட்டும் என்றால் நான் பயப்பட மாட்டேன். ஆபரேஷன் முடிந்து 9 முதல் 12 மாதத்தில் பெரும்பாலோர் களத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கூடவே வேறென்ன போயிற்று என்று கேளுங்கள். குருத்தெலும்பு சேதமா? நரம்பு அடிபட்டதா?

நோட்டர் டேம் கல்லூரியின் லைன்பேக்கர் (தற்காப்பு வீரர்) ஜேலன் ஸ்மித் 2016 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா போல் என்ற கல்லூரி ஆட்டத்தில் அடிபட்டு விழுந்தார். இரண்டு தசைநார்கள் கிழிந்ததோடு நரம்பும் பாதிக்கப்பட்டு, பாதத்தைத் தூக்கவே முடியாமல் போனது. தசைநாரைத் தைத்துவிடலாம். நரம்பு எப்போது உயிர்பெறும் என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. அந்த டிராஃப்டின் உச்சியில் போக வேண்டியவரை டல்லஸ் அணி 34-ஆவதாக எடுத்தது. அவர்களுக்கு மட்டும் ஒரு அனுகூலம் இருந்தது: ஆபரேஷன் செய்தவரே அவர்கள் அணியின் டாக்டர். ஸ்மித் 2016 முழுக்க ஆடவில்லை, 2019-இல் புரோ போல் (லீக் நட்சத்திரங்களின் ஆட்டம்) வரை போனார், 2021 சீசன் நடுவில் அணி அவரை விடுவித்தது. இரண்டாம் சுற்று விலைக்கு இது நல்ல பலன்தான்.

ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) டாட் கர்லி கதை இன்னும் பாடம். 2014 நவம்பரில் ஏ.சி.எல். கிழிந்தது, 2015-இல் ராம்ஸ் அணி 10-ஆவதாக எடுத்தது. அந்த வருடமே சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது, 2017-இல் லீகின் சிறந்த தாக்குதல் வீரர் விருது. பிறகு அதே முழங்கால் தொல்லை கொடுத்தது. 2020 மார்ச்சில் ராம்ஸ் விடுவித்தது, அந்த சீசனோடு அவர் ஆட்டமும் முடிந்தது. டிராஃப்டில் ராம்ஸ் தப்பு செய்யவில்லை. தப்பு, 2018-இல் கொடுத்த 60 மில்லியன் டாலர் நீட்டிப்பு ஒப்பந்தம். டிராஃப்டில் நீங்கள் வாங்குவது நான்கு, ஐந்து வருடம். அந்த மூட்டு அத்தனை வருடம் தாங்குமா என்று மட்டும் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: இரண்டு முழங்காலிலும் அடிபட்டவர் என்றால்?

பதில்: மூன்றாம் சுற்றிலிருந்து தாராளமாக எடுக்கலாம். மயாமி கல்லூரியில் இரண்டு முழங்காலும் கிழிந்த ரன்னிங் பேக் ஃபிராங்க் கோரை 49ஏர்ஸ் அணி 2005-இல் 65-ஆவதாக எடுத்தது. 16 சீசன், 16,000 கஜம், ஓட்டக் கணக்கில் வரலாற்றிலேயே மூன்றாமிடம். அதே அணி 2013-இல் மார்கஸ் லாட்டிமோரை நான்காம் சுற்றில் எடுத்தது. இரண்டு முழங்கால், இரண்டு பெரிய காயம். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வு பெற்றார். இரண்டுமே சரியான முடிவுதான் என்பேன். அந்தச் சுற்றில் ஆரோக்கியமான வீரர்களே பாதிப் பேர் நிலைப்பதில்லை.

கேள்வி: என் ஃபேண்டசி டீமுக்கு (ஆன்லைன் கற்பனை அணிக்கு) இந்த வருடம் எந்த ரன்னிங் பேக்?

பதில்: அது என் துறை இல்லை, மன்னிக்கவும்.

கேள்வி: சார், குணம் என்பதெல்லாம் முதலாளிகளின் பாசாங்கு. திறமை இருந்தால் எடுக்க வேண்டியதுதான். ராண்டி மாஸை மறந்துவிட்டீர்களா?

பதில்: மறக்கவில்லை. பந்து பிடிக்கும் வீரரான மாஸ் 1998-இல் கெட்ட பெயரால் 21-ஆவது இடம் வரை சரிந்தார். டல்லஸ் 8-ஆவது இடத்தில் அவரை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்தது. அந்த வருட நன்றி நவிலும் நாளில் டல்லஸ் மைதானத்திலேயே மூன்று பந்து பிடித்து மூன்றையும் டச்டவுன் ஆக்கினார் மாஸ். 2018-இல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் புகழ் மண்டபத்தில் இடம். லாரமி டன்சிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 டிராஃப்ட் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன் அவர் முகமூடி மாட்டிக் கஞ்சா புகைக்கும் பழைய வீடியோ அவருடைய ட்விட்டர் கணக்கிலேயே வெளியானது. 13-ஆவது இடத்துக்குச் சரிந்தார். பிறகு ஹூஸ்டன் அவரை வாங்க இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளோடு இன்னும் பலவற்றைக் கொடுத்தது. கஞ்சா சோதனையில் சிக்கியதற்காக மட்டும் தடை விதிப்பதை லீகே 2020 ஒப்பந்தத்தில் கைவிட்டது.

ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். லாரன்ஸ் பிலிப்ஸ் நெப்ராஸ்காவில் படிக்கும்போது முன்னாள் காதலியைத் தாக்கியவர். 1996-இல் ராம்ஸ் அவரை 6-ஆவதாக எடுத்து, அதே நாளில் தன் ரன்னிங் பேக் ஜெரோம் பெட்டிஸைப் பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பியது. 1997 நவம்பரில் பிலிப்ஸை விரட்டினார்கள். பெட்டிஸ் ஹால் ஆஃப் ஃபேம் போனார். புகைத்தவரையும் அடித்தவரையும் 'குணப் பிரச்சினை' என்று ஒரே பெட்டியில் போடுவதுதான் அணிகளின் முதல் தவறு.

கேள்வி (அதே நண்பர்): மலிவாக எடுத்தால் நஷ்டமில்லையே? பேட்ரியாட்ஸ் ஆரோன் ஹெர்னாண்டஸை நான்காம் சுற்றில்தானே எடுத்தார்கள்?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். 2010-இல் பேட்ரியாட்ஸ் ஒரே டிராஃப்டில் இரண்டு டைட் எண்ட்களை (எதிரியைத் தடுப்பது, பந்து பிடிப்பது இரண்டும் செய்பவர்கள்) எடுத்தார்கள். ராப் கிரான்கவ்ஸ்கி முதுகு ஆபரேஷனால் 2009 முழுவதும் ஆடாதவர், 42-ஆவதாக எடுத்தார்கள். அவர் அந்த இடத்தின் மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவரானார். ஹெர்னாண்டஸ் 113-ஆவது, குண விஷயத்தில் சந்தேகம் இருந்ததால் சரிந்தவர். 2013-இல் கைதானார், 2015-இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஒரு மனிதர் இறந்துபோனார், நண்பரே. அதை 'நான்காம் சுற்றுத் தேர்வு வீண்' என்று கணக்கு எழுத முடியாது.

காயப்பட்டவர் மேல் வைத்த கணிப்பு பொய்த்தால் அணிக்கு ஒரு தேர்வு போகும், வீரருக்கு வலி. அதை டாக்டர் அளக்கலாம், சுற்றை வைத்து விலை குறைக்கலாம். வன்முறை செய்தவர் மேல் வைத்த கணிப்பு பொய்த்தால் விலை கொடுப்பவர் வேறு யாரோ, அணிக்கு வெளியே இருப்பவர். அவர் சார்பாகத் தள்ளுபடி பேச எந்த அணிக்கும் உரிமை இல்லை.

கேள்வி (வேறொருவர்): அப்போ டைரீக் ஹில்? கன்சாஸ் சிட்டிக்குக் கோப்பை வந்ததே!

பதில்: வந்தது. 2015-இல் காதலியைத் தாக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், 2016-இல் ஐந்தாம் சுற்றில் எடுத்தார்கள், 2019 சீசனில் சூப்பர் போல் (லீகின் இறுதிப் போட்டி) வென்றார்கள். நான் அந்த அணியின் டிராஃப்ட் அறையில் இருந்திருந்தால் அவர் பெயரைத் தேர்வுப் பலகையிலிருந்து நீக்கியிருப்பேன். கோப்பை போனாலும் சரி.

கேள்வி (மாஸைப் பற்றிக் கேட்ட நண்பர்): திருந்தவே வாய்ப்பு இல்லையா?

பதில்: உண்டு, இருக்க வேண்டும். ஆனால் திருந்தியதை டிராஃப்டுக்கு முந்தைய மூன்று மாதத்தில் காட்ட முடியாது. பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், ஆசிரியர், சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்பவர் எல்லோரிடமும் விசாரியுங்கள். நேர்காணலை நம்பாதீர்கள், முகவர்கள் பதில்களை மனப்பாடம் செய்ய வைத்தே அனுப்புகிறார்கள். 2010-இல் டெஸ் பிரையன்ட்டிடம் அவர் தாயைப் பற்றி மயாமி அணியின் பொது மேலாளர் கேட்ட கேள்விக்குப் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அப்படிக் கேட்டால் பையனின் குணம் தெரியாது, கேட்டவரின் குணம்தான் தெரியும்.

கேள்வி: ஏ.சி.எல். கிழிந்த ஒருவர் வேகமாக ஓடும் வீடியோ பார்த்தேன். எடுக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நேர்கோட்டில் ஓடுவது எதையும் நிரூபிக்காது. அந்த வீடியோவை வெளியிட்டவர் யார், அவருக்கு என்ன லாபம் என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு வீரருக்கு முழங்கால் மோசம் என்று ட்விட்டரில் சொல்கிறார்களே?

பதில்: ஏப்ரலில் கசியும் மருத்துவச் செய்தி, மற்றவர்கள் பயந்து விட்டுவிடட்டும் என்று, அவரை எடுக்க ஆசைப்படும் அணியிலிருந்தே கிளம்பலாம். மறுபடியும் அதே கேள்விதான்: சொன்னவருக்கு என்ன லாபம்?

கேள்வி: ஏ.சி.எல். கிழிந்து இரண்டு வருடம் ஆனவர்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: என் மகன் இங்கே பள்ளியில் ஆடுகிறான். நெஞ்சு படபடப்பு என்கிறான். இதனால் வாய்ப்பு போகுமா?

பதில்: வாய்ப்பு இருக்கட்டும், நாளைக்கே இதய டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். மிஷிகன் கல்லூரி வீரர் மாரிஸ் ஹர்ஸ்டுக்கு 2018-இல் இண்டியானாபொலிஸில் நடந்த காம்பைன் (டிராஃப்டுக்கு முந்தைய திறன் சோதனை முகாம்) பரிசோதனையில் இதயக் கோளாறு தெரிந்தது. அங்கே ஆடவிடாமல் நிறுத்தினார்கள். மேல்பரிசோதனையில் டாக்டர்கள் அனுமதித்த பிறகு ஐந்தாம் சுற்றில் ரெய்டர்ஸ் எடுத்தது, ஆடவும் செய்தார். முதலில் பரிசோதனை, சார்.